மேல் வீட்டுப் பாட்டைப் பற்றிக் கடைசி அறிக்கை

அன்பும் மரியாதையும் ஒருசேரப் பெற வேண்டிய என் ஓரகத்திக்கு,

உன் கணவரின் அண்ணி எழுதிக்கொள்வது. நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை; அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. நீயும் என் கொழுந்தனாரும் நல்ல உடல்நலத்தோடும், முடிந்தவரை ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தையோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. முதல் பக்கத்தில் ஆரம்பித்த வாக்கியம் மூன்றாம் பக்கத்தில்தான் முடிந்தது. எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளியில் இப்படி எழுதியிருந்தால் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருப்பார்கள். பெற்ற வயிறு பதறும்போது முற்றுப்புள்ளி வைக்க நேரம் இருக்காது என்பதால் மன்னித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு வந்து, உன் மகளின் வேலையை விடச் சொல்லி, வீட்டைக் காலி செய்து, அவளைக் கையோடு அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறாய். அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்றும், சொன்னால் சண்டைக்கு வருவாள் என்றும், 'அக்கா, நீங்க ஒரு வார்த்தை வேணாம்னு சொன்னா நிறுத்திடறேன்' என்றும் எழுதியிருக்கிறாய். யோசித்துப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வா.

ஏன் வரச் சொல்கிறேன் என்பதை முறையாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்து அவள் இந்த ஊருக்கு வந்தபோது, என் வீட்டிலேயே ஓர் அறை காலியாக இருந்தது. 'தனியா இருந்து பாக்கணும் பெரியம்மா' என்று சொல்லிவிட்டு, எனக்கு நேர் மேலே இரண்டாம் மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தாள். எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. அன்று இரவு நான் சாப்பிடாததற்குக் காரணம் வயிறு. நீ ஃபோனில், 'அக்கா, அவ மேல கொஞ்சம் கண்ணு வெச்சுக்குங்க' என்றாய். அடுத்தவர் வீட்டில் கண் வைப்பது என் வளர்ப்பில் இல்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போவதும், தானாகச் சொல்லாத விஷயத்தைத் துருவித் துருவிக் கேட்பதும் அநாகரிகம் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். ஆனால் காதை என்ன செய்வது? இந்தக் கட்டடத்தில் எல்லாக் குளியலறை ஜன்னல்களும் நடுவில் இருக்கிற குழாய்ச் சந்துக்குள் திறக்கின்றன. மேலே வைக்கிற பாட்டு அதன் வழியாக இறங்கி நேராக என் குளியலறையில் வந்து விழுகிறது. ஆகவே நான் ஒட்டுக்கேட்கவில்லை. பாட்டு தானாக வந்தது. நான் ஒரு முக்காலி மட்டும்தான் போட்டேன்.

முதல் வருடம் முழுக்க மேளம். மேளம் என்றால் தகர டப்பாக்களை மூட்டை கட்டி மாடிப்படியில் உருட்டிவிட்டது போல; நடுநடுவே ஒருவன், யாரோ அவன் காலை மிதித்துவிட்டது மாதிரி அலறுவான். கெட்ட சகவாசம் என்று உனக்கு எழுதினேன். நீ பதறிப்போய் கொழுந்தனாரை அனுப்பிவைத்தாய். அவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்ட, அவள் கையில் துடைப்பத்தோடும் கன்னத்தில் சோப்பு நுரையோடும் வந்து நின்றாளாம். வீட்டில் சகவாசம் என்று சொல்ல ஒரு பல்லிதான் இருந்ததாம். வந்த காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, 'சும்மா பாக்கணும்போல இருந்துச்சும்மா' என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார் உன் வீட்டுக்காரர். உளவு பார்க்க அனுப்பினால் இப்படித்தான் பார்ப்பார் என்று எனக்கு அவர் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்தே தெரியும்.

பிறகு திடீரென்று புல்லாங்குழல். காலையில் புல்லாங்குழல், சாயங்காலம் ஒரு பெண் கொஞ்சிக் கொஞ்சிப் பாடுவாள். காதல், சந்தேகமே இல்லை என்று எழுதினேன். நீ மாப்பிள்ளைப் போட்டோக்களைத் தபாலில் அனுப்பிவைத்தாய். அதில் ஒருவருக்கு என் வயது இருக்கும். நான் அவளை உட்கார வைத்து, 'மனசுல இருக்கறத நம்ம மனுஷங்ககிட்ட சொல்லிடறது நல்லதும்மா' என்று பக்குவமாக ஆரம்பித்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். 'ஆமா பெரியம்மா. நீங்களும் எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லலாம். நான் தப்பாவே நினைக்க மாட்டேன்' என்றாள். பேச்சை எவ்வளவு சாமர்த்தியமாகத் திருப்பிவிட்டாள் பார்! அது உன் பக்கத்து ரத்தம்.

அதற்குப் பிறகு கிட்டார் பழக ஆரம்பித்தாள். இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல் கூசுகிறது. அதே நான்கு ஸ்வரம், மழைக்காலம் முழுக்க அதே நான்கு ஸ்வரம். அதில் மூன்றாவது எப்போதும் ஒரு மயிரிழை இறங்கியே விழும். பியானோவில் தப்பு செய்தால் விரல் முட்டியில் மர அளவுகோலால் வாங்கி வளர்ந்த எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல். பொறுக்க முடியாமல் ஒரு நாள், 'உன் மோதிர விரல் சோம்பேறியா இருக்கு. கவனி' என்று மட்டும் சொன்னேன். அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் பத்து விரலிலும் நகம் வெட்டிக்கொண்டு வந்து காட்டினாள். ஸ்வரம் மட்டும் அப்படியே இருந்தது.

இதெல்லாம் போகட்டும். வயசு அப்படி. ஆனால் இந்த இரண்டு மாதம்தான் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரே பாட்டு. ஓர் ஆண் குரல்; பாடுகிறானா, தனக்குத்தானே பேசிக்கொள்கிறானா என்று தெரியாது. அது முடியும், உடனே முதலிலிருந்து ஆரம்பிக்கும். யாரோ அவளை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று எழுதினேன், உன் வேனுக்கும் அதுதான் காரணம். அந்தப் பாட்டு கேட்கும் நாளெல்லாம் நான் சூப் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, ஆரஞ்சுப் பழங்களோடு அவளே கீழே கொண்டுவருகிறாள். வந்தால் உடனே போவதில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, 'எல்லாம் சரியாப் போயிடும் பெரியம்மா' என்கிறாள். தனக்குத்தான் சொல்லிக்கொள்கிறாள் என்று எனக்குப் புரியாதா? பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருக்கிறது குழந்தைக்கு. வாரத்தில் எத்தனை நாள் இப்படி வந்து உட்காருகிறாள் என்று நான் எண்ணுவதில்லை. வராத நாளில்தான் தெரிகிறது.

அதனால் வந்து அழைத்துப் போ. அம்மா பக்கத்தில் இருந்தால் தேறிவிடுவாள். எனக்கு ஒன்றுமில்லை, என் வீட்டுக்காரர் போனதிலிருந்து நான் தனியாக இருந்து பழகியவள்தான். அவள் பீரோவின் பின்கால் ஒன்று ஆடுகிறது, ஏற்றுகிறவர்களிடம் சொல்லிவை. வேன்காரர் வாசலில் ஹாரன் அடிக்கக் கூடாது.

உனக்கும் கொழுந்தனாருக்கும் நீண்ட ஆயுளும், அதைத் தாங்கும் பொறுமையும் கிடைக்கட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம். சிறியவர்களுக்கு ஆசி, கேட்டு வாங்காதவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
உன் மூத்த ஓரகத்தி

பின்குறிப்பு: வேன் வேண்டாம். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு. மூன்று வருடமாக நான் எழுதியதையும் சேர்த்துக் கிழி.

கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன். பெல் அடித்தது. வழக்கமாக யார் வந்தாலும் முதலில் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வாசல் கதவைத் திறப்பேன். வருகிறவர் கண்ணில் குளியலறை படக் கூடாது. இன்று சாத்துவதற்குக் கதவே இல்லை. ஈரத்தில் உப்பிப்போயிற்று என்று தச்சர் காலையில்தான் இழைக்கக் கழற்றிக்கொண்டு போனார். உன் மகள் உள்ளே வந்து, பையைக் கழற்றி, என் எதிரில் உட்கார்ந்தாள். குளியலறையிலிருந்து அந்தப் பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது!

'பாட்டை நிறுத்தாமயா வந்தே?' என்றேன்.

'எந்தப் பாட்டை? அது உங்க பாட்டுதானே பெரியம்மா?'

'என் பாட்டா?'

'எப்பவும் நான் பெல் அடிச்சதும் நிறுத்திடுவீங்க. இன்னிக்கு நிறுத்தல. சரி, என்கிட்ட கூச்சம் போயிடுச்சுபோலன்னு சந்தோஷமா இருந்துச்சு.'

இருவரும் குளியலறைக்குள் போய், சந்து ஜன்னலில் தலையை நீட்டி மேலே பார்த்தோம். பாட்டு அவள் வீட்டுக்கும் மேலே, மூன்றாம் மாடியிலிருந்து வருகிறது. அவள் வீட்டில் பாட்டுப் பெட்டியே கிடையாதாம். மேலிருந்து வருவதைக் கீழிருந்து வருகிறது என்று நினைத்து, மூன்று வருடமாக அவள் என்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள்! மேளத்துக்கு, 'உங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதான் சத்தமா வெக்கறீங்கன்னு நினைச்சேன். கான்வென்ட்ல படிச்சவங்க, அந்த மாதிரி பாட்டுத்தான் பிடிக்கும்னு விட்டுட்டேன்' என்கிறாள். என் காது! கிட்டாருக்கு, 'இந்த வயசுல எங்க பெரியம்மா கிட்டார் கத்துக்கறாங்கன்னு ஆபீஸ் பூரா சொல்லி வெச்சிருக்கேன். ஆண்டு விழாவுல உங்களை வாசிக்கச் சொல்லணும்னு மேனேஜர் ஒத்தக்கால்ல நிக்கறார்' என்கிறாள். புல்லாங்குழலைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளாகவே சிரித்தாள். அதை உனக்கு ஃபோனிலும் சொன்னாளாமே? நீ என்னிடம் மூச்சு விடவில்லை. உன் மகளும் உன் ஓரகத்தியும் ஒரே மாதத்தில் காதலில் விழுந்தால் உனக்குச் சந்தேகம் வர வேண்டாமா?

இந்த இரண்டு மாதப் பாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் தயங்கினாள். 'பெரியப்பா நினைப்புல இருக்கீங்கன்னு நினைச்சேன். அதான் அடிக்கடி வந்து உக்காந்தேன்' என்றாள். 'உன் பெரியப்பாவுக்குப் பாட்டுன்னாலே ஆகாது, தலைவலி வரும்' என்று சொன்னேன். சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். குளியலறைக்குக் கதவு இல்லாததால் அவளும் பார்த்துவிட்டாள். துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

வேன் விஷயத்தை நான் சொல்லிவிட்டேன். நீ நினைத்தது போல அவள் சண்டைக்கு வரவில்லை. 'எனக்கு ஒண்ணும் இல்ல பெரியம்மா. வேலை பிடிச்சிருக்கு. வீடு பிடிச்சிருக்கு. நான் எங்கயும் போகல' என்றாள். பாட்டைக் கேட்டு நான் சொன்னதையெல்லாம் நம்பினாய் அல்லவா, இது அவள் வாயால் சொன்னது. இதையும் நம்பு.

மூன்றாம் மாடியில் இருப்பது யார் என்று இருவருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை குடித்தனம் வந்த நாளிலிருந்து அதன் சந்தோஷம், காதல், சோம்பேறி விரல் எல்லாம் தெரியும், முகம் தெரியாது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பாட்டு பாதியில் நின்றுவிட்டது. இந்த இரண்டு மாதத்தில் அது பாதியில் நின்றதே இல்லை. 'என்னாச்சோ தெரியலையே பெரியம்மா' என்று உன் மகள் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கும் கை ஓடவில்லை. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். நானும் கிளம்புகிறேன்.