தலைகீழ்ப் பெட்ரோல்

பூமியின் தென்கோடியில் உள்ள டிமரு ஊரில் பெட்ரோல் தலைகீழாகச் சுற்றுகிறது என்பது ஜூலை மாதத்தில்தான் தெரியவந்தது. அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகளாக அதே பெட்ரோலை ஊற்றி அதே மக்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாவம், யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தருவதற்கென்றே டாக்டர் வெஸ்லி கிரிம்வுட் ஒரு வெள்ளை வேனில் வந்து இறங்கினார்.

எதற்கு டாக்டர், எங்கே படித்த டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. அவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். அது போதாதா?

சனிக்கிழமை தோறும் ஊருக்கு வெளியே ஃபெர்குசன் பண்ணை மேட்டில் கூட்டம் நெரிந்தது. தெற்கே ஜூலை என்றால் குளிர் எலும்பைக் குடைகிற மாதம். இருந்தாலும் கையில் இறைச்சி அடைத்துச் சுட்ட சூடான ரொட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு, காலில் ரப்பர் பூட்ஸோடு, இருநூறு பேர் புல்லில் நின்றார்கள். பாதிப் பேர் டிமரு குட்டி வண்டிச் சங்கத்தார். ஜப்பானிலிருந்து வந்த பழைய இரண்டு கதவு வண்டியை வாங்கி, அதைப் பந்தயக் கார் ஆக்கியே தீருவது என்று சம்பளத்தைக் கொட்டுகிறவர்கள். எஞ்சினைக் கழற்றிப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடுவார்கள். கண்ணைத் திறந்து பார்ப்பதில்தான் கொஞ்சம் சிரமம்.

"நம்ம பெட்ரோல் எங்கேருந்து வருது?" என்று டாக்டர் ஒலிபெருக்கியில் கேட்டார்.

"கப்பல்ல!" என்றது கூட்டம்.

"எந்தப் பக்கத்திலேருந்து?"

"வடக்கேருந்து!"

"அங்கதான் இருக்கு விஷயம். வடக்க எல்லாம் ஒரு பக்கமாச் சுத்தும். தெற்க மறுபக்கமாச் சுத்தும். பூமத்திய ரேகையைத் தாண்டி வந்த பெட்ரோலுக்கு அது தெரியுமா? அது பாட்டுக்குப் பழைய பக்கமே சுத்திக்கிட்டிருக்கு. பெரிய லாரி தாங்கிக்கும். உங்க ஆயிரத்து முந்நூறு சிசி குட்டி எஞ்சின் எப்படிப்பா தாங்கும்?"

சொன்னதோடு விடவில்லை. ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அடைப்பைப் பிடுங்கிக் காட்டினார். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. கூட்டம் "ஓ!" என்றது. அடைப்பைப் பிடுங்குவதற்கு முன், தண்ணீரில் விழுந்த ஓர் இலையை எடுக்கிறேன் என்று விரலை விட்டு நாலு சுற்று சுற்றியதை எல்லோரும் பார்த்தார்கள். இலையை மட்டும் பார்த்தார்கள்.

இதற்கு மருந்து, 'தென்திருப்பி'. சோப்புக் கட்டி அளவில் ஒரு கறுப்புக் கட்டி. பெட்ரோல் குழாயில் வைத்துக் கட்டினால் பெட்ரோல் நல்ல பிள்ளையாகத் தெற்குப் பக்கம் திரும்பிச் சுற்றும், வண்டி பறக்கும். விலை நானூற்றுத் தொண்ணூறு டாலர். வேறு எந்த வேகக் கருவியையும்விட மலிவு என்றார் டாக்டர். அது உண்மைதான். வேறு கருவிக்குள் ஏதாவது இருக்கும்.

கூட்டத்தின் முன்வரிசையில் லின்டன் பாஸ்கோ நின்றான். மர ஆலையில் வேலை. சிவப்புக் குட்டி வண்டி ஒன்று வைத்திருந்தான். அன்று அவன் சட்டைப்பையில் ஐந்நூறு டாலர் இருந்தது. அது டயர் வாங்கக் கொடுத்து அனுப்பிய பணம். கொடுத்தவள் அவன் மனைவி மிஹி.

மிஹி பால் தொழிற்சாலையில் மாதிரி சோதிக்கிறவள். விடியற்காலை நாலரைக்கு அந்தச் சிவப்பு வண்டியில்தான் கடற்கரைச் சாலையோடு போவாள். டயர் நாலும் தேய்ந்து மொட்டைத் தலை மாதிரி வழுவழுவென்று ஆகியிருந்தன. போன செவ்வாய்க்கிழமை மழையில் பிரேக்கை மிதித்தாள். வண்டி கேட்கவில்லை. எதிரே வந்த பால் லாரிக்காரன் தன் வண்டியைப் புல்லில் இறக்கியதால் அவள் வீடு வந்து சேர்ந்தாள். 

"இன்னொரு தடவை அவன் புல்லுல இறக்குவான்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டுத்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தாள். லின்டனும் டயர் கடைக்குத்தான் கிளம்பினான். வழியில் மேடு இருந்தது.

"யாராவது ஒருத்தர் வண்டி குடுங்க. உங்க வண்டி, உங்க சாவி. ஏமாத்து வேலையே கிடையாது" என்றார் டாக்டர்.

லின்டன் கையைத் தூக்கினான்.

முதல் ஓட்டம் கட்டி இல்லாமல். நியாயத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று டாக்டர் ட்ரெவர் ஹூப்பரையும் நெவில் ஹூப்பரையும் கூப்பிட்டு வண்டிக்குள் உட்காரச் சொன்னார். ஹூப்பர் சகோதரர்கள் ஊர் ரக்பி அணியில் முன்வரிசையில் நின்று முட்டுகிறவர்கள். சூதுவாது தெரியாதவர்கள். அவர்கள் ஏறியதும் குட்டி வண்டி தரையோடு தரையாக உட்கார்ந்தது. அடிவாரத்திலிருந்து உச்சியில் உள்ள வாயிற்கதவு வரை ஐம்பத்தெட்டு விநாடி.

இரண்டாம் ஓட்டம் தென்திருப்பியோடு. "இப்ப சாட்சி உள்ள இருந்தா எப்படி? ஒருத்தர் கீழ கிளம்புற கோட்டுல நில்லுங்க, ஒருத்தர் மேல கதவுகிட்ட நில்லுங்க. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்க" என்றார் டாக்டர். ஐம்பத்தொரு விநாடி.

ஏழு விநாடி! லின்டனுக்கு உடம்பு புல்லரித்தது. வண்டி அவன் காலுக்கு அடியில் துள்ளியதை அவனே உணர்ந்தானே! டயர் பணம் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் போயிற்று.

வீட்டில் மிஹி அடுப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் லின்டனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பெட்ரோல் வடக்கேருந்து வருது. சரி. நம்ம வண்டி எங்கேருந்து வந்துச்சு?"

"ஜப்பான்லேருந்து."

"ஜப்பான் எங்க இருக்கு?"

லின்டன் விரலால் காற்றில் உலகப் படம் வரைந்து பார்த்தான். "வடக்க."

"அப்ப வடக்கு வண்டி, வடக்குப் பெட்ரோல். புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒத்துப் போகாதா? நடுவுல இவன் யாரு தரகன்?"

"அதை டாக்டர்கிட்ட ஒருத்தன் கேட்டான் மிஹி. வண்டி இங்க வந்து பழகிடுச்சாம். பெட்ரோல் இன்னும் பழகலையாம்."

"இரும்பு பழகும், எண்ணெய் பழகாது. நல்ல டாக்டர். சரி, மொதல் தடவை வண்டிக்குள்ள யார் யார் இருந்தீங்க?"

"நான், ட்ரெவர், நெவில்."

"ரெண்டாம் தடவை?"

"நான் மட்டும்தான். அவங்க வெளிய சாட்சியா..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.  ஆனால் நானூற்றுத் தொண்ணூறு டாலர் கொடுத்தவனுக்கு அவ்வளவு சீக்கிரம் புத்தி வந்துவிடுமா? "இல்ல மிஹி, துள்ளுச்சு. நான்தானே ஓட்டினேன்? உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

"வண்டியைப் பத்தித் தெரியாது. சோதனையைப் பத்தித் தெரியும். எங்க ஆலையில சோதிக்கிற பால் புட்டி மேல பண்ணைப் பேரே எழுத மாட்டோம். நம்பர் மட்டும்தான். பேரைப் பார்த்தா நாக்கு பொய் சொல்லும். அடுத்த சனிக்கிழமை நானும் வர்றேன். அந்தக் கட்டியைக் கழட்டிக் குடு."

அந்த வாரம் ஐந்து நாளும் மழை. ஐந்து நாளும் அவள் அதே டயரில் வேலைக்குப் போனாள். அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள் என்று போன் வரும் வரை லின்டனுக்கு ஆலையில் வேலை ஓடவில்லை. கட்டிக்குப் பதில் டயர் வாங்கியிருக்கலாமோ என்று வியாழக்கிழமை ஒரு தடவை நினைத்தான். உடனே அந்த ஏழு விநாடியை நினைத்துத் தேற்றிக்கொண்டான்.

சனிக்கிழமை மேட்டில் முந்நூறு பேர். மிஹி இரண்டு பொட்டலங்களோடு வந்தாள். இரண்டும் ஒரே அளவு, ஒரே எடை, அலுமினியத் தாளும் ஒட்டு நாடாவும் சுற்றியவை. ஒன்றில் '1', மற்றதில் '2'.

"டாக்டர், இதுல ஒண்ணு நீங்க வித்த கட்டி. இன்னொண்ணு வேற. எது எதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். ரெண்டையும் மாத்தி மாத்திக் கட்டி ஓட்டிப் பார்ப்போம். ஹூப்பர் அண்ணன்மார் ரெண்டு பேரும் எல்லா ஓட்டத்துலயும் உள்ளயே இருக்கட்டும்."

"அம்மணி, இது விஞ்ஞானம். விளையாட்டு இல்ல."

"விஞ்ஞானம்னா பொட்டலத்தைத் தொட்டே எதுன்னு சொல்லிடுவீங்களே!"

முந்நூறு பேரும் டாக்டரைப் பார்த்தார்கள். வேறு வழி? அவர் கோட்டுக் கையை மடித்து, கண்ணை மூடி, இரண்டு பொட்டலத்தின் மீதும் உள்ளங்கையை வைத்தார். முதலாவதில் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதில் உடம்பு குலுங்கியது. "இரண்டு! என்ன துடிப்பு! தெற்குத் துடிப்பு!" கூட்டம் கைதட்டியது.

லின்டன் ஓட்டினான். மனசுக்குள் தென்திருப்பியைக் கும்பிட்டுக்கொண்டு, காலைத் தரை வரை அழுத்தி ஓட்டினான். சங்கச் செயலாளர் நோரீன் கடிகாரம் பிடித்தாள். ஒன்றாம் பொட்டலம் மூன்று முறை: ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. இரண்டாம் பொட்டலம் மூன்று முறை: ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு.

"பாத்தீங்களா! இரண்டுதான் ஜெயிச்சுது!" என்று டாக்டர் துள்ளினார். ஒரு விநாடி வித்தியாசத்துக்குக் கூட்டம் தொப்பியைத் தூக்கி எறிந்தது. பத்துப் பேர் பணப்பையைத் திறந்துகொண்டு முன்னால் வந்தார்கள்.

மிஹி எஞ்சின் மூடியைத் திறந்து, சூடாக இருந்த இரண்டாம் பொட்டலத்தை அவிழ்த்தாள். நாடா கிழிந்ததும் மஞ்சளாக எதுவோ வழிந்தது. வாசனை முன்வரிசை வரைக்கும் போயிற்று.

"சீஸ்" என்றாள். "எங்க ஆலையில செஞ்சது. துடிப்பு அதிகமாகி உருகிடுச்சு."

பணப்பையைத் திறந்தவர்கள் மூடினார்கள். அவள் லின்டனிடம் சொன்னாள். "இப்ப ரெண்டு பொட்டலமும் வேண்டாம். அண்ணன்மார் இறங்கட்டும். ஓட்டு."

ஓட்டினான். கட்டியும் இல்லை, சீஸும் இல்லை. ஐம்பத்தொரு விநாடி.

உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு லின்டன் அப்படியே உட்கார்ந்திருந்தான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. ஐந்து நாள் மழையும், அவள் போன சாலையும், அந்தப் பால் லாரியும் அவன் கண் முன்னால் வந்தன. இரண்டு ரக்பிக்காரர்கள் இறங்கினால் வண்டி வேகமாகப் போகும் என்று தெரிந்துகொள்ள அவன் தன் மனைவியின் உயிரைப் பணயம் வைத்திருக்கிறான்.

கீழே வந்ததும் ட்ரெவர் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்ப, வண்டியை மெதுவாக்கினது வடக்குச் சுத்து இல்ல, நாங்க ரெண்டு பேருமா?"

"இன்னிக்கு மேகமூட்டம்" என்றார் டாக்டர். "நம்பிக்கை இல்லாதவங்க பக்கத்துல நின்னா சுழற்சி கலைஞ்சிடும். அடுத்த வாரம்..." சொல்லிக்கொண்டே வேன் பக்கம் நடந்தார்.

லின்டன் வாழ்நாளில் முதல் முறையாக யாரும் சொல்லித் தராமல் ஒன்று யோசித்தான். ஓடிப்போய் வேனின் மூடியைத் தூக்கினான். பெட்ரோல் குழாயில் எதுவும் கட்டியிருக்கவில்லை.

"டாக்டர், உங்க வேன்ல தென்திருப்பி எங்க?"

டாக்டர் பையில் சாவியைத் துழாவினார். லின்டன் மூடியைப் போட்டுவிட்டுக் குனிந்தான். வேனின் நாலு டயரும் புத்தம் புதுசு. கடையில் வாங்கும்போது டயரில் இருக்கிற சின்ன ரப்பர் முடிகூட இன்னும் உதிரவில்லை.

"எல்லாரும் வந்து பாருங்கய்யா!" என்று லின்டன் கத்தினான். "எனக்குக் கட்டி, இவனுக்கு டயர்! இவனுக்குத் தெரியும்யா, எது உயிரைக் காப்பாத்தும்னு! அதைத்தான் தனக்கு வாங்கிக்கிட்டான்!"

டாக்டர் பாய்ந்து ஏறிச் சாவியைத் திருகினார். அதற்குள் ஹூப்பர் சகோதரர்கள் வேனின் பின்பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். "நாங்க சாட்சிக்கு வந்திருக்கோம் டாக்டர்" என்றான் நெவில். ஈரப் புல்லில் சக்கரம் சுற்றியதே தவிர வேன் நகரவில்லை. எந்தப் பக்கம் சுற்றியது என்று யாரும் ஆராயவில்லை. வெள்ளைக் கோட்டுப் பைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, பணம் கொடுத்தவர்கள் கைக்கே திரும்பியது.

திங்கட்கிழமை காலை சிவப்பு வண்டிக்கு நாலு டயர் ஏறியது. லின்டனே பக்கத்தில் நின்று நட்டு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை விடியலில் கொட்டுகிற மழையில் மிஹி வளைவில் பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. குட்டி வண்டிக்கு மலிவு விலையில் அதைவிடப் பெரிய பலம் எதுவும் கிடையாது.

டாக்டர் பிடிபட்ட அந்தச் சனிக்கிழமை, கூட்டம் கலைகிற நேரத்தில் சங்க உறுப்பினர் ஒருவர் மிஹியை ஓரமாகக் கூப்பிட்டார். இருபது வருடமாக வண்டி பிரித்து மாட்டுகிறவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒரு விநாடி குறைஞ்சது உண்மைதானே? அந்த சீஸ் எந்தக் கடையில கிடைக்கும்?"

ஏமாற்றுகிறவன் போன பிறகும் ஏமாறுகிறவன் அங்கேயே நிற்கிறான், அடுத்த வேனுக்காக. நண்பர்களே, மூளைக்கு யாரும் தனியாகக் காசு கேட்பதில்லை, எல்லோருக்கும் பிறக்கும்போதே பொருத்தித்தான் அனுப்புகிறார்கள். ஒரு தடவையாவது அதை ஓட்டிப் பாருங்கள்!