தாமஸ் பிக்கெட்டின் இரண்டாம் கல்யாணம்

"ரத்தினம் சார், ஒன்பது வயசுல ஒருத்தன் எப்படி அப்பாவாக முடியும்?"

மேனேஜர் குமரேசன், முனிரத்தினம் எழுதிய ரிப்போர்ட்டை மேஜைமேல் போட்டான். தாம்பரத்தில் இரண்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்கர்களுக்கு அவர்களுடைய பாட்டன் பூட்டனைத் தேடிக் கொடுப்பது அவர் உத்தியோகம். தன் சொந்தப் பூட்டன் பெயர் அவருக்குத் தெரியாது. நல்லவேளை, இன்டர்வியூவில் அதை யாரும் கேட்கவில்லை.

ஒஹாயோவிலிருந்து மார்த்தா என்றொரு அம்மாள். 1638-ல் கப்பலேறி வந்து குடியேறிய ஜோசையா பிக்கெட்டின் வம்சம் தான் என்று நிரூபித்தால், ஆதிக் குடியேறிகள் சங்கத்தில் அவரைச் சேர்த்துக்கொள்வார்கள். எல்லாத் தலைமுறையும் கிடைத்துவிட்டது. ஜோசையாவின் பேரன் எலியாசுக்கு அப்பா யார் என்பது மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

எலியாஸ் தன் மூத்த மகனுக்கு நேதன் என்று பெயர் வைத்திருந்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அவர் ஊரான கோவிலம்பாக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே ஜோசையாவின் கடைசி மகன் நேதன்தான் எலியாசின் அப்பா என்று முனிரத்தினம் தீர்ப்பு எழுதினார். எலியாஸ் பிறந்தபோது அந்த நேதனுக்கு வயது ஒன்பது.

"அப்ப மூத்தவன் தாமஸ்தான் அப்பான்னு மாத்திடறேன்."

"தாமஸ் பொண்டாட்டி எலியாஸ் பொறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே செத்துட்டா சார். சங்கத்துல வரிவரியா செக் பண்ணுவாங்க. இதுவும் ரிஜெக்ட் ஆனா உங்களுக்கு மூணாவது. அப்புறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

கீழே டீக்கடையில் மூன்றாவது மாடி கோகிலவாணி நின்றிருந்தாள். அங்கேயும் ஏதோ அமெரிக்க வேலைதான்.

"இன்னா சார், மூஞ்சி இப்டி கீது?"

"ஒரு கல்யாணம் குதிர மாட்டேங்குதும்மா."

"எனக்கும் மேல ஒரே பேஜார் சார். ஃபைல் மேல ஃபைலா வந்துகினே கீது."

டீ உள்ளே போனதும் வழி பிறந்தது. அக்கா போய்விட்டால் தங்கையைக் கட்டிவைப்பதுதானே முறை? 'தாமஸ், இறந்த மனைவியின் தங்கையை மணந்தார். நெருங்கிய உறவினர் முன்னிலையில் திருமணம் எளிமையாக நடந்தது' என்று எழுதி, சங்கத்துக்கே நேராக அனுப்பிவிட்டார்.

குமரேசன் தலையில் கைவைத்துக்கொண்டான். "ஐயோ சார்! அந்தக் காலத்துல அவங்க சர்ச்சுல மச்சினியைக் கட்டறது பெரிய பாவம்!"

முனிரத்தினம் டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தார். மனைவி ஆஷாவிடம் என்னவென்று சொல்வது? முந்நூற்று எழுபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய வீட்டில் புகுந்து, தரகுகூட வாங்காமல் கல்யாணம் முடித்துவைத்து வேலையை இழக்கப்போகும் மடையன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று தோன்றியது.

மறுநாள் சங்கத்திலிருந்து பதில் வந்தது. 'ஏற்றுக்கொள்ளப்பட்டது. இரண்டாம் திருமணம் மிக இயல்பானது.'

முனிரத்தினம் இரண்டிரண்டு படியாகத் தாவி டீக்கடைக்கு ஓடினார். "கோகிலா, அமெரிக்காவே ஒத்துக்கிச்சும்மா!"

கோகிலவாணி டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்: "அமெரிக்கா எங்க சார் ஒத்துக்கிச்சி, அந்தச் சங்கத்து ஃபைலு மூணாவது மாடிக்குத்தான் வருது, பாஸ் போட்டதே நான்தான்; எங்க வூட்லயே பெரியம்மா போனதும் எங்கம்மாவத்தான் அப்பாவுக்குக் கட்டி வெச்சாங்க, இதுல இன்னா தப்பு கீது?"