இரத்தப் பரிசோதனையில் பாஸ் ஆகப் பார்க்கிறவர்

இரத்தப் பரிசோதனையைப் பள்ளிக்கூடப் பரீட்சையாகவே பார்க்கும் ஓர் இனம் இருக்கிறது. வருஷம் முழுக்கச் சீனிப்பாகில் நீந்திவிட்டு, ஊசி குத்த மூன்று நாள் இருக்கும்போது மட்டும் முட்டைக்கோஸைக் கடித்து, தண்ணீராகக் குடித்து, குன்றேறி இறங்கி, நல்ல மார்க் வாங்கிய தாளை அக்கம்பக்கத்தில் எல்லாம் காட்டிவிட்டு, நேரே இனிப்புக் கடைக்குப் போகிறவர்கள். யாரை ஏமாற்றுகிறார்கள்? கேட்டுப் பாருங்கள், "டாக்டரை" என்பார்கள். அதில் பெருமை வேறு!

வால்யேவோ நகரில் என் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் ராடிசாவ்தான் இந்த இனத்துக்குத் தலைவர். சர்க்கரை நோய் என்று ஆறு வருஷத்துக்கு முன்பே வேறோர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை; வால்நட் அடைத்துப் பாகு சொட்டும் பக்லாவா இனிப்பு மட்டும் தட்டுத் தட்டாக.

"இதுல வெண்ணெய் இருக்கா? முட்டை இருக்கா? நோன்புப் பண்டம்யா! இது எப்படிச் சர்க்கரையை ஏத்தும்?" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்.

போன டிசம்பரில் அவருக்கு வைரஸ் காய்ச்சல். மூன்றே நாளில் அவர்கள் குடும்பப் புனிதரின் திருநாள். அழைக்காமலே நாற்பது பேர் வந்து உட்காரும் நாள். ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். மூச்சு வாங்குவதைப் பார்த்து மனைவி மிலுன்காவுக்கு அதைவிடப் பயம். மனிதர் இரண்டு நாள் பட்டினி கிடந்து இரத்தம் கொடுத்தார். முடிவு தெரிந்துகொள்ள நானும் கூடப் போனேன்.

டாக்டர் யாஸ்னா தாளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"வெறும் காய்ச்சலுக்கு அழற்சி அளவு இவ்வளவு ஏறாதே. உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"சேச்சே!"

"சர்க்கரையும் எகிறிக் கிடக்கே?"

"மெஷின் கெட்டுப்போச்சு டாக்டரம்மா. ரெண்டு நாளா பச்சைத்தண்ணிதான்!"

"பொய்!" என்று வெடித்தார் மிலுன்கா. "ஆறு வருஷமா இருக்கு. மாத்திரையெல்லாம் பூந்தொட்டிக்குள்ள கிடக்கு!"

டாக்டர் பெருமூச்சு விட்டார். "மாமா, காய்ச்சல் சர்க்கரையை ஏத்தும், சர்க்கரை காய்ச்சலை முத்த வைக்கும். ரெண்டு நாள் பட்டினி கிடந்தா ஆச்சா? மூணு மாசச் சர்க்கரைக்குத் தனிக் கணக்கு இருக்கு. நீங்க தின்ன பக்லாவா அத்தனையும் அதுல தெரியுது. காய்ச்சல்னு போன் பண்ணப்பவே சர்க்கரை இருக்கான்னு கேட்டேன், இல்லேன்னீங்க. அப்பவே சொல்லியிருந்தா வீட்டுல வச்சே பார்த்திருப்பேன். இப்ப ஒரு வாரம் இங்கதான்."

திருநாளுக்கு நாற்பது பேரும் வந்தார்கள். ராடிசாவ் பெயரைச் சொல்லிச் சொல்லி அவர் பங்கையும் தின்றார்கள். அவரோ கையில் டிரிப்ஸோடு, சீனியில்லாத தேநீரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பியதும் கேட்ட முதல் கேள்வி: "அடுத்த டெஸ்ட் என்னிக்கு?" காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டார், அந்தத் தேதிக்கு அல்ல, அதற்கு மூன்று நாள் முன்னால்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால், அடுத்த வாரம் இரத்தம் கொடுக்கணும் என்று இன்று காலைதானே காபிக்குச் சீனி வேண்டாம் என்றீர்கள்? அது யாரை ஏமாற்ற?