மூன்று பக்கத்திலும் மாமியார்

மாமியாரைக் கழித்துவிடுவது என்று காலை ஒன்பது மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் தீர்மானம் செய்தார். தப்பாக நினைத்துவிடாதீர்கள். மனுஷர் எறும்பைக்கூட மிதிக்காமல் ஒதுங்கி நடப்பவர். பட்டியலிலிருந்து கழிப்பதோடு சரி.

அடுத்த வாரம் அவர்கள் புது அடுக்குமாடிக்குக் குடிபோகிறார்கள். அங்கே ஆளுக்கொரு படிவம் கேட்டிருந்தார்கள். பெயர், வயது, ரத்த வகை, என்னென்ன வியாதி என்று பக்கம் முழுக்கக் கட்டங்கள். கம்ப்யூட்டரிலேயே நிரப்பி, வீட்டார் எல்லாருடையதையும் ஒரே ஃபைலாகச் சேர்த்து, இன்று பகல் பன்னிரண்டுக்குள் குடியிருப்புச் செயலாளருக்கு மெயில் போட வேண்டும். படிவம் வந்தவருக்குத்தான் கேட் கார்டு. கார்டு இல்லாதவர் விருந்தாளி. விருந்தாளி மூன்று நாளைக்குமேல் தங்கக்கூடாது.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் மெக்கானிக்கின் நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது.

மாமியார் திட்டுகிற ஆள் இல்லை. பார்ப்பார். அவ்வளவுதான். பதினெட்டாவது மாடியில் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவருக்கு, அந்தப் பார்வைக்கு முன்னால் முக்காலிமேல் நிற்கவே கால் உதறும். மச்சான் வீடு காலியாகத்தானே கிடக்கிறது? அங்கே போய்ப் பார்க்கட்டுமே!

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி நேற்று சாயங்காலமே நாலு படிவத்தையும் நிரப்பி, 1, 2, 3, 4 என்று பெயர் வைத்துவிட்டாள். காலையில் செருப்பை மாட்டும்போது, "என்னங்க, நாலையும் ஒண்ணா சேத்து அனுப்பிடுங்க. மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"இதென்ன மலையா? ஒரு நிமிஷ வேலை!" என்றார் இவர்.

எது யாருடையது என்று திறந்து பார்த்தாரா? இல்லை. லிஃப்ட்டில் ஒன்றை அமுக்கினால் முதல் மாடி, நாலை அமுக்கினால் நாலாவது மாடி. இருபது வருஷமாக எண்ணை நம்பியே பிழைத்தவர். ஒன்று குடும்பத் தலைவர், அதாவது தான். இரண்டு அவள். மூன்று பாப்பா. கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்த நாலு, சந்தேகமே இல்லை, அத்தை.

ஒன்று, இரண்டு, மூன்றைச் சேர்த்தார். பத்தரைக்கு அனுப்பினார். கண்ணாடி முன்னால் நின்று, "அடடா, நாலாவது விட்டே போச்சும்மா!" என்று மூன்று தரம் ஒத்திகை பார்த்தார். மூன்றாவது தரம் அவருக்கே அழுகை வந்துவிட்டது. அவ்வளவு தத்ரூபம்.

அனுப்பியதை ஒருமுறை ரசிக்கலாம் என்று திறந்தார்.

முதல் பக்கத்தில் மாமியார் பெயர். வயது அறுபத்தேழு. சர்க்கரை, முழங்கால் வலி.

இரண்டாம் பக்கத்திலும் மாமியார். அதே சர்க்கரை, அதே முழங்கால்.

மூன்றாம் பக்கத்தைத் திறக்க விரல் வரவில்லை. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்தார். அங்கேயும் அவரே!

மெக்கானிக்குக் குப்பென்று வேர்த்தது. ஒருத்தரைக் கழிக்கப் போனால் மூன்று பேராகத் திரும்பி வந்திருக்கிறார்! கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அப்போதும் மூன்று பேர். அந்த நேரம் பார்த்து ஃபோன் அலறியது.

"செயலாளர் பேசுறேன். உங்க வீட்ல ஒரே பேர்ல, ஒரே வயசுல மூணு அம்மா இருக்காங்களா சார்?"

"இல்ல சார், ஒருத்தர்தான். அதுவே... அதுவே போதும் சார்."

"நீங்க யாரு?"

"நான் அவங்க மருமகன்."

"மருமகன்னு யாரும் லிஸ்ட்ல இல்லையே. பன்னெண்டு அடிச்சா லிஸ்ட்டை மூடிடுவேன். அதுக்கப்புறம் நீங்க விருந்தாளி. மூணு நாள்தான்!"

ஃபோன் வைக்கப்பட்டது. மணி பதினொன்று இருபது. தன் சொந்த வீட்டில் மூன்று நாள்! மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"என்ன மாப்பிள்ளை, இப்படி வேர்க்குது?"

மாமியார். கையில் தண்ணீர்ச் சொம்பு. இவர் பாய்ந்து திரையை முதுகால் மறைத்தார்.

"ஒண்ணுமில்ல அத்தை. புழுக்கம்."

"ஃபேன் ஓடுதே."

"அதான்... குளிருது."

மாமியார் பார்த்தார். சொம்பை வைத்தார். நகரவில்லை.

வேறு வழியில்லை. மனைவிக்கு ஃபோன் போட்டு, பாதி உண்மையை மட்டும் குசுகுசுவென்று ஒப்பித்தார்.

"அப்படியேவா சேத்தீங்க?" என்றாள் அவள். "எல்லாம் ஒரே படிவங்க. நாலுலயும் கட்டங்களுக்குக் கம்ப்யூட்டர் வெச்சிருக்கற பேரு ஒண்ணுதான். அப்படியே சேத்தா முதல்ல இருக்கறவங்க எழுதினதுதான் எல்லாப் பக்கத்துலயும் ஏறிக்கும். தனித்தனியா பிரிண்ட் குடுத்து, எழுத்து மாறாதபடி புது ஃபைலா சேவ் பண்ணிட்டுச் சேக்கணும். சரி, இங்க என் மெயில்லயும் நாலும் இருக்கு. அஞ்சு நிமிஷத்துல நானே அனுப்பிடறேன்."

"தெய்வமே! நீ நல்லா இருக்கணும்!"

"இருங்க. நீங்க எதெதைச் சேத்தீங்க?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

"நாலை?"

"அடடா, நாலாவது விட்டே போச்சும்மா!" ஒத்திகை வீண்போகவில்லை. குரல் அழகாகத் தழுதழுத்தது.



"நாலு உங்களோடதுங்க."

"என்னது?"

"ரத்த வகை பாக்க ஊசி எடுத்தப்ப அம்மாதான் முதல்ல விரலை நீட்டினாங்க. அப்புறம் நான். பாப்பாகூட அழாம குத்திக்கிட்டா. நீங்க குளியலறையில போய்த் தாப்பாள் போட்டுக்கிட்டீங்க, உங்களுக்குக் கடைசியாத்தான் குத்த முடிஞ்சுது. எங்க கூடத்துல ரத்தம் குடுக்கற வரிசைதான் நம்பர். அப்ப உங்களையே ஏன் கழிச்சீங்க?"

"அது வந்து..."

"இல்ல, வேற யாரையாவதுன்னு நெனச்சுக் கழிச்சீங்களா?"

பதினெட்டாவது மாடியில் கயிறு அறுந்தால்கூடப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

"ஃபோனை அம்மாகிட்ட குடுங்க" என்றாள் மனைவி.

"எதுக்கும்மா? அத்தைக்குக் காது... வேலை இருக்கும்..."

"குடுங்கன்னா குடுங்க."

கொடுத்தார். மாமியார் ஃபோனைக் காதில் வைத்தார். "ம்" என்றார். மெக்கானிக்கைப் பார்த்தார். "ம்ம்" என்றார். சுவரோடு சுவராக ஒட்டிப்போன மருமகனை மறுபடி பார்த்தார். "அப்படியா? பரவால்ல, நாலாவதையும் சேத்தே அனுப்பிடு. சரி வெச்சுடு."

ஃபோனைப் புடவைத் தலைப்பால் துடைத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். தண்ணீர்ச் சொம்பையும் எடுத்து நீட்டினார்.

"பயப்படாதீங்க மாப்பிள்ளை. நான் சொல்லிட்டேன். நீங்களும் எங்ககூடவே இருந்துக்கலாம்."