அப்பாவின் ‘சரி’ சம்மதம் ஆகாது

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் பணிவுடன் எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், அம்மா கோபமாக இருந்தாலும் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன ஞாயிறு நீங்கள் போனில், “உன் பொண்ணை எங்கிட்ட அனுப்பிடு, இங்கேயே படிக்கட்டும்” என்று கேட்டதற்கு அப்பா “சரிக்கா” என்றாராம். மறுநாள் நீங்கள் அம்மாவிடம் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். என்னை அழைத்துப் போக வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டீர்களாம். அத்தை, அது சம்மதம் இல்லை. அது பொத்தான்.

விளக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் படிக்க வேறெதுவும் மிச்சமில்லாததால் அப்பாவின் ரயில் ஓட்டுநர் பயிற்சிப் புத்தகத்தைப் படித்தேன். மஞ்சள் சிக்னல் நெருங்கினால் டிரைவர் அறைக்குள் ஊதல் கத்தும், உடனே ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், அமுக்காவிட்டால் வண்டி தானே பிரேக் போட்டுக்கொள்ளும், அமுக்கினால் ‘கேட்டுவிட்டேன், இனி என் பொறுப்பு’ என்று அர்த்தம். ஆனால் அமுக்கி அமுக்கிப் பழகி, மனசுக்குத் தெரியாமலே கை அமுக்கிவிடும் ஆபத்து உண்டு என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. வண்டியில் அப்பா ரொம்பக் கவனம். வீட்டுக்கு வந்தால்தான் கைக்குப் பதில் வாய் அமுக்குகிறது. பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் “சரி”, பால் பொங்கி அடுப்பே அணைந்தது, பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ கேட்டதற்கும் “சரி”, இப்போது அவர்களுடைய பழைய பீரோ எங்கள் கூடத்தில் நிற்கிறது, அதைச் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போகிறோம். சோதித்துப் பார்க்க, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம், “அப்பா, குளியலறையில முதலை வளர்க்கலாமா?” என்றேன்.

“சரிம்மா.”

“உங்களுக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கா?” என்றாள் அம்மா.

“சரி, சரி.”

இதற்கும் புத்தகத்தில் வழி இருக்கிறது. சிக்னலைப் பார்த்ததும் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்போது மனசு விழித்துக்கொள்ளும். ஆகவே நேற்று அப்பாவை உட்கார வைத்து, “நான் கேட்கிறதை அப்படியே திருப்பிச் சொல்லிட்டுத்தான் பதில் சொல்லணும்” என்று சொல்லி, உங்கள் கேள்வியைக் கேட்டேன். “அக்கா நம்ம பொண்ணை அவ வீட்டுக்கே கூட்டிட்டுப் போய்...” என்பது வரை வந்து நின்றுவிட்டார்.

“யாரு இதுக்குச் சரின்னது?”

“நீங்கதான்” என்றாள் அம்மா. “சிவப்பைத் தாண்டிட்டு நிக்கிறீங்க.”

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருஷ வேலையில் ஒரு சிவப்பைக்கூடத் தாண்டாதவர். தாண்டினால் வண்டியை நிறுத்தி, தானே தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. உங்களுக்கு போன் பண்ண எழுந்தார், உங்கள் குரலை நினைத்து உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார், கடைசியில், “நீயே எழுதிடும்மா, அக்கா உன்னைத் திட்ட மாட்டா” என்றார். ஆகவே டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். நான் வந்துவிட்டால் இவரைத் திருப்பிச் சொல்ல வைக்க இங்கே ஆளில்லை. அம்மாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னை மனசார வாழ்த்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பி.கு.: உங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருப்பது நூலகம் என்று அம்மா இப்போதுதான் சொல்கிறாள். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். ஒரு தடவைக்கு எத்தனை புத்தகம் கொடுப்பார்கள் என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.