மாமியார் கம்பவுண்டர்

பிள்ளைகளே, ஒரே ஆள் ஒரே காலையில் மாமியாராகவும், மாமனாராகவும், பீடிக்கார மச்சானாகவும் வாழ்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து வாக்கில், மேற்குத் தாம்பரத்தில், எங்கள் டாக்டரின் மருந்து ஜன்னலில். அந்தக் கம்பவுண்டருக்கு அப்பா அம்மா வைத்த பேர் எவருக்கும் தெரியாது. 'மாமியார் கம்பவுண்டர்' என்றால் ரயில்வே கேட் வரை தெரியும்.

மருந்தைக் கலக்கி, எவ்வளவு குடிக்க வேண்டும் என்று காட்ட வேளைக்கு ஒரு வெட்டு வெட்டிய காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டி, எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லுவார். மற்ற கம்பவுண்டர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். இவர் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்பார்: "வூட்ல யாரு குறுக்க நிப்பாங்க?" ஆளைச் சொன்னால் போதும், அந்த ஆளாகவே மாறிவிடுவார். அவரைப் பேச்சில் ஜெயித்தால்தான் பாட்டில் கைக்கு வரும்.

படப்பையிலிருந்து இருமிக்கொண்டே வந்த ஒரு வண்டிக்காரர், டாக்டர் விடச் சொன்ன பீடியை விடவிடாத தன் மச்சானைச் சொன்னார். உடனே கம்பவுண்டர் ஜன்னல் வழியாக அவர் தோளில் கை போட்டார். "இன்னா மச்சான், ஒரே ஒரு பீடி! உசுரா பூடும்?"

"சரி, குடு மச்சான்" என்று வண்டிக்காரர் கையை நீட்டிவிட்டார்.

"தோத்துட்டே! போய் பெஞ்சுல குந்து."

நாலாவது தடவைதான் ஜெயித்தார். காய்ச்சல்காரர்கள்கூட எழுந்து கை தட்டினார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன், என் முறை வரும்வரை.

என் மகள் ரோஸிக்கு அப்போது ஒரு வயது. ஓயாத பேதி. கண் குழிந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் என் மனைவி மேரியின் தோளில் கிடந்தாள். "உப்புப் போட்ட கஞ்சித் தண்ணிய ஸ்பூன் ஸ்பூனா குடுத்துக்கிட்டே இருங்க. நிறுத்தினா குழந்தை தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலோ என் அக்கா காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்க விடவில்லை. என்னை வளர்த்தவள். அவள் எதிரில் நானே வாய் திறக்க மாட்டேன். மேரியோ நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

"யாரும்மா குறுக்க?"

"நாத்தனார்" என்றாள் மேரி, தரையைப் பார்த்து.

கம்பவுண்டர் துண்டை முக்காடு போட்டு, இடுப்பில் கை வைத்தார். "ஏண்டி! போறது பத்தாதுன்னு தண்ணி வேற ஊத்துறியா?"

"இல்ல அண்ணி..."

"சத்தமே வரல. தோத்துட்டே!"

இரண்டாம் தடவை அழுதாள். மூன்றாம் தடவை குழந்தையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "ஓட்டைப் பானை அண்ணி இது! ஊத்திக்கிட்டே இருந்தாத்தான் தண்ணி நிக்கும். ஊத்துவேன்!"

துண்டு கீழே விழுந்தது. "நான் தோத்துட்டேன் தாயி. ஓடு வூட்டுக்கு!"

வாசலிலேயே அக்கா. இடுப்பில் கை. "ஏண்டி! போறது பத்தாதுன்னு தண்ணி வேற ஊத்துறியா?" ஓர் எழுத்து மாறவில்லை. மேரிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பானைக் கதையை முழுசாகச் சொன்னாள். நான் வீரத்தோடு அடுப்பு மூட்டப் போய்விட்டேன்.

சாயங்காலம் ரோஸி தெருவே கேட்கும்படி அழுதாள். அதைப் போல ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. "தள்ளு, நீ ரொம்ப மெதுவா ஊத்துற" என்று அக்காவே ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ரோஸியைத் தூக்கிக்கொண்டு அக்கா நேராக மருந்து ஜன்னலுக்குப் போனாள். "ஏம்பா, நீதான் என் வேஷம் கட்டுனியா?"

கம்பவுண்டர் துண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"நான் இடது கையத்தான் இடுப்புல வெப்பேன். நல்லாப் பாத்துக்க" என்று சொல்லி, குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.

ரோஸி அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள். அன்று அவர் அந்தத் துண்டை எடுத்தது கண்ணைத் துடைக்கத்தான்.