ட்யூபாவுக்கு பஸ்ஸில் இடமில்லை

என் காலைக் காப்பியை இனி இந்த வீட்டில் யாரும் பறிக்க முடியாது என்று போன ஏப்ரல் மாதம் நான் ஒரு வீர உரை ஆற்றினேன். இடம், எங்கள் சாப்பாட்டு மேஜை. கையில் முள்கரண்டி. கேட்டவர்கள் இரண்டு பேர். என் மனைவி டார்லா, என் மகள் ஸ்வேயா. இரண்டு பேருமே கை தட்டவில்லை.

நான் கர்ட் லிண்டால். குழாய் வேலை செய்பவன். அமெரிக்காவின் வடக்கே, மினசோட்டா மாநிலத்தில் எங்கள் சிற்றூரில் யார் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் காலை வேளையில் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் நான் எடுக்க மாட்டேன். அந்த நேரத்தில் நான் ஹில்மா பேக்கரியில், ஜன்னலோர மேஜையில், சுவரை ஒட்டிய நாற்காலியில் இருப்பேன். அது என் நாற்காலி. பக்கத்தில் என் நண்பன் ஆர்லோவும் எங்களைப் போலவே அவசரம் இல்லாத சில பேரும். தோல் குவளையில் பகடையைப் போட்டுக் குலுக்குவோம். தோற்றவன் எல்லோருக்கும் காப்பி வாங்க வேண்டும். உலகத்தில் நடக்கும் தப்புகளையெல்லாம் அங்கே உட்கார்ந்து திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்புவேன்.

ஸ்வேயா தொடக்கப் பள்ளியில் படித்த அத்தனை வருஷமும் டார்லாதான் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டாள். இலையுதிர் காலத்தில் ஸ்வேயா நடுநிலைப் பள்ளிக்குப் போகிறாள், இனிமேல் உங்கள் முறை என்று பனி உருகுவதற்கு முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பதிலடியாகத்தான் என் வீர உரை.

"நடுநிலைப் பள்ளிக்கு பஸ் இருக்கு டார்லா! நம்ம தெரு முனையிலயே வந்து நிக்கும். மஞ்சள் பஸ்! அதை விட்டுட்டு நான் ஏன் காலங்கார்த்தால ஸ்டியரிங்கைப் பிடிக்கணும்?"

"பஸ்ல ஏத்தலைன்னா?"

"ஏன் ஏத்த மாட்டாங்க? இவ என்ன பசு மாடா?"

"ஒருவேளை ஏத்தலைன்னா?"

"ஏத்தலைன்னா நானே தினம் கொண்டுபோய் விடறேன். சொன்னா சொன்னதுதான்!"

டார்லா ஸ்வேயாவைப் பார்த்தாள். ஸ்வேயா உருளைக்கிழங்கைப் பார்த்தாள். நானும் அந்த நேரத்தில் எதையாவது பார்த்திருக்கலாம். நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் புதுக் குடும்பங்களுக்கான மாலைக் கூட்டம். பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் ஊரே திரண்டிருந்தது. எனக்கே உற்சாகம் தாங்கவில்லை. புது மெழுகு வாசனை அடிக்கும் தரை, பேர் எழுதி ஒட்டிக்கொண்ட பெற்றோர்கள், ஒரு கோடை காலத்துக்குள் ஆளுக்கு ஒரு முழம் வளர்ந்துவிட்ட பிள்ளைகள். ஸ்வேயா மட்டும் சுவரோரமாக ஒரு லாக்கர் பூட்டோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். வலது பக்கம் திருப்ப வேண்டும், இடது பக்கம் ஒரு முழுச் சுற்று, மறுபடி வலது. எத்தனை தடவை திருப்பியும் அது திறக்கவில்லை.

"அப்பா, இது திறக்கலைன்னா நான் என்ன பண்றது?"

"நான் வந்து குழாய்க் குறடு போட்டுத் திருகித் தர்றேன்."

"நான் நிஜமா கேக்கறேன். எனக்கு அங்க யாரையுமே தெரியாது. என் சிநேகிதிங்க எல்லாம் வேற பிரிவுல."

அவள் குரல் கம்மிவிட்டது. பூட்டை வாங்கி நானும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன். அதற்குள் துணைத் தலைமை ஆசிரியை திருமதி ஹெக்மன் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார். அந்த அம்மாவுக்கு ஒலிபெருக்கி தேவையே இல்லை. பக்கத்து மாவட்டத்தில் இருப்பவர்களுக்கும் விதிமுறைகள் கேட்டிருக்கும்.

"கைப்பேசி முதல் மணியிலேருந்து கடைசி மணி வரைக்கும் பைக்குள்ள! சூயிங் கம் வாய்க்குள்ளயும் கிடையாது, மேஜைக்கு அடியிலயும் கிடையாது! கார்ல வர்றவங்க ஆரஞ்சுக் கூம்பு வரைக்கும் முன்னால வந்து நிக்கணும். பிள்ளைங்க நடைபாதைப் பக்கமா இறங்கணும். முத்தமெல்லாம் வீட்டுலயே முடிச்சுட்டு வாங்க! பஸ்ல மடியில வச்சுக்கிற வாத்தியம் மட்டும்தான். பெரிய வாத்தியம் வாசிக்கிற பிள்ளைங்களைப் பெத்தவங்கதான் கொண்டுவந்து விடணும்."

நான் சிரித்தேன். பாவம், எவன் பிள்ளையோ!

"என்ன சிரிக்கறீங்க?" என்றாள் டார்லா.

"பெரிய வாத்தியம்! அந்தப் பிள்ளையோட அப்பனை நினைச்சேன்."

"நல்லா நினைச்சுக்கோங்க. உங்க பொண்ணு ட்யூபா எடுத்திருக்கா."

நான் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ குழாய் பொருத்தியிருக்கிறேன். ஆனால் ட்யூபாவைப் போல வளைந்து நெளிந்து, இத்தனை பெரிய வாயோடு முடிகிற குழாயைப் பார்த்ததே இல்லை. ஸ்வேயாவை அதற்குள் உட்கார வைத்து மூடி போட்டுவிடலாம். பஸ்ஸில் அதற்குத் தனி டிக்கெட் கொடுத்தாலும் இடமில்லை.

துக்கத்தை ஆற்றிக்கொள்ள நேராகப் பலகார மேஜைக்குப் போனேன். அம்மாமார்கள் ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டைப் போட்டுச் செய்துகொண்டு வந்த கேக் துண்டுகள் இருந்தன. திருமதி ஹெக்மன் இன்னும் கார் வரிசையைப் பற்றி ஏதோ முழங்கிக்கொண்டிருந்தார். கூட்டம் சிரித்தது. டார்லா தூரத்திலிருந்து "கேட்டீங்களா?" என்று சைகை காட்டினாள். நான் வாய் நிறைய ரூபார்ப்போடு தலையாட்டினேன்.

மறுநாள் பேக்கரியில் என் கதையைக் கேட்டு ஆர்லோ தொப்பியைக் கழற்றி அஞ்சலி செலுத்தினான். உடனே எனக்கு அந்த யோசனை வந்தது! மின்னல் மாதிரி வந்தது! உற்சாகத்தில் பகடைக் குவளையைத் தட்டிவிட்டேன்.

"ஆர்லோ! இந்த வயசுப் பிள்ளைங்க உலகத்துல எதுக்குப் பயப்படும்?"

"கரடிக்கா?"

"பெத்தவங்களுக்குடா! நாலு பேர் முன்னால அப்பன் வாயைத் திறந்தாலே மானம் போயிடும் அதுங்களுக்கு. முதல் நாள் நான் அவ மானத்தைக் கப்பலேத்தறேன். சாயங்காலமே 'அம்மா, நாளைலேருந்து நீயே வா'ன்னு கெஞ்சுவா. நான் பழையபடி இங்க இந்த நாற்காலியில!"

"பொண்ணு பாவம் இல்லையா?"

"ஒரு நாள்தானே! அப்புறம் அவளுக்கே நல்லது. டார்லா நல்லா கார் ஓட்டுவா."

ஆர்லோ என்னைக் கட்டித் தழுவினான். உன்னைப் போல ஒரு மூளை இந்த மாநிலத்திலேயே கிடையாது என்றான். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று டோனட்டின் மேல் சத்தியம் செய்தான்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போது ஸ்வேயா தானாகவே வந்து என் கையில் மாட்டிக்கொண்டாள். அப்படித்தான் நான் நினைத்தேன்.

"அப்பா, நாளைக்குச் சில விஷயம் நீங்க செய்யவே கூடாது."

"சொல்லும்மா, சொல்லு!" எனக்கு எச்சில் ஊறியது.

"அந்தக் கடமான் படம் போட்ட குளியல் அங்கியில வரக் கூடாது."

"சேச்சே."

"காது மூடற உரோமத் தொப்பி கூடாது. ரேடியோவுல அந்தப் போல்கா குத்துப்பாட்டு வைக்கக் கூடாது. வச்சாலும் அதுக்கு ஆடக் கூடாது."

"நான் எப்பம்மா ஆடியிருக்கேன்?"

"எல்லார் முன்னாலயும் சர்க்கரைக்கட்டின்னு கூப்பிடக் கூடாது. முக்கியமா, வண்டியை விட்டு இறங்கவே கூடாது. என் ட்யூபாவைத் தொடவே கூடாது. தொட்டாலும் ஊதக் கூடாது."

"ஊதறதா! எனக்கு இது தோணவே இல்லையே" என்றேன். உண்மையில் தோன்றவில்லைதான். டார்லா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. மகள் இவ்வளவு வளர்ந்துவிட்டாளே என்று அழுகிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

விடிந்தது. அடடா, என்ன ஒரு காலை! நான் கடமான் அங்கி, உரோமத் தொப்பி சகிதம் கீழே இறங்கி வந்தேன். டார்லா ஏற இறங்கப் பார்த்தாள்.

"குளிருமேன்னு..." என்றேன்.

"செப்டம்பர்லயா?"

"எச்சரிக்கையா இருக்கணும்."

"ஆமாமா, ரொம்ப எச்சரிக்கையா இருங்க" என்று சொல்லிக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். கல்யாணமான புதிதில் கொடுத்தது மாதிரி இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

கார் வரிசை தேவாலயம் வரைக்கும் நீண்டிருந்தது. என் வண்டி, இரண்டு பக்கமும் 'லிண்டால் குழாய்ப் பணி' என்று பெரிதாக எழுதிய வண்டி, அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. கண்ணாடிகளை இறக்கினேன். போல்காவை முழுச் சத்தத்தில் வைத்தேன். பாட்டில் அக்கார்டியன் வாத்தியம் கதறியது. முன்னால் இருந்த கார்களிலிருந்து தலைகள் திரும்பின. கூம்பு வந்தது. கதவைத் திறந்தேன். குதித்தேன்!

"சர்க்கரைக்கட்டி! அப்பா ட்யூபாவை இறக்கித் தர்றேன்டா!"

இறக்கினேன். ஆடினேன். பிறகு ஆயுளில் முதல் தடவையாக ஒரு பித்தளை வாத்தியத்தில் வாயை வைத்து, நெஞ்சில் இருந்த மொத்தக் காற்றையும் உள்ளே தள்ளினேன். பிரசவ வலியில் மாடு கத்துவது போல ஒரு சத்தம் எழுந்தது. கொடிக்கம்பத்தின் மேலிருந்த காக்கை ஊரை விட்டே போய்விட்டது. கைப்பேசியெல்லாம் பைக்குள் இருக்க வேண்டும் என்ற விதி அந்தக் கணம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா?

திரும்பி மகளைப் பார்த்தேன். முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நடைபாதையில் நிமிர்ந்து நின்று, நாடக அறிவிப்பாளர் மாதிரி என் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன்ல? அத்தனையும் பண்ணுவார்னு சொன்னேன்ல!"

வாசல்படி நெடுக ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். காட்சி பார்க்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக. ஒரே கைதட்டல், விசில். "இன்னொரு தடவை ஊதுங்க!" என்று கூச்சல். கார் வரிசையிலிருந்து ஹாரன்கள். பின்னலிட்ட ஒரு பெண் ஓடி வந்து ஸ்வேயாவிடம், "உனக்கு எந்த லாக்கர்? என்னோடதும் திறக்க மாட்டேங்குது, வா சேர்ந்து பாப்போம்" என்றாள். இன்னொருத்தி ட்யூபாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். கூடத்தில் குரல் கம்மி நின்ற என் பெண், மூன்று பேர் புடைசூழ, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அப்புறம் கதவருகே ஒரு நொடி நின்று எனக்குக் கையசைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கியிலேயே துடைத்துக்கொண்டேன். திட்டம் தோற்றுப்போனது கூட அந்த நிமிஷம் மறந்துவிட்டது.

யாரோ தோளைத் தட்டினார்கள். திருமதி ஹெக்மன். கையில் பளபளவென்று ஒரு ஆரஞ்சு மேலங்கியும் ஒரு 'நில்' பலகையும்.

"வாங்க மிஸ்டர் லிண்டால்! வருஷா வருஷம் முதல் நாள் யாராவது ஒருத்தர் மாட்டுவாங்க. இவ்வளவு பிரமாதமா இதுவரைக்கும் யாரும் மாட்டினதில்லை."

"எதுல மாட்டினேன்?"

"கூட்டத்துல சொன்னேனே! வரிசையில முதல்ல எந்தப் பெத்தவர் வண்டியை விட்டு இறங்கறாரோ, அவர்தான் இந்த வருஷம் கார் வரிசைக் காவலர். தினமும் காலைல. ஜூன் வரைக்கும்."

ரூபார்ப் கேக் ஞாபகம் வந்தது.

"ஜனவரியில இங்க மூச்சே உறைஞ்சு கீழ விழுமேம்மா!"

"அதுக்கென்ன, தொப்பிதான் இருக்கே! அங்கியை மாட்டுங்க. அளவு சரியா இருக்கும். உங்க வீட்டம்மா போன வாரமே கைப்பக்கம் பிடிச்சுத் தைச்சுக் குடுத்துட்டாங்க."

மேலங்கியின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். நீல நூலில், டார்லாவின் அழகான தையலில், 'கர்ட்' என்று இருந்தது. கீழே சின்னதாக ஒரு கடமான் வேறு.

கடைசிக் கார் போகும்வரை நின்று கையாட்டிவிட்டு நேரே பேக்கரிக்கு வண்டியை விரட்டினேன். ஆர்லோவின் கழுத்தை நெரிப்பது என்று முடிவு. கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். ஜன்னலோர மேஜை களைகட்டியிருந்தது. சுவரை ஒட்டிய நாற்காலியில், என் நாற்காலியில், டார்லா உட்கார்ந்து பகடைக் குவளையைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க காவலரே! வரிசை எப்படி, அடைப்பில்லாம ஓடிச்சா?"

"ஆர்லோ! டோனட் மேல சத்தியம் பண்ணியேடா!"

"உங்க வீட்டம்மா ரெண்டு டோனட் வாங்கிக் குடுத்தாங்க கர்ட்" என்றான் ஆர்லோ, கொஞ்சம் கூட வெட்கமில்லாமல்.

"போதும். எல்லாம் அந்த ட்யூபாவால வந்த வினை. நாளைக்கே புல்லாங்குழல் வாங்கறேன். மடியில வச்சுக்கட்டும், பஸ்ல போகட்டும்!"

"அவளுக்கு ட்யூபான்னா உசிரு. நீங்க ஏப்ரல்ல பஸ்ஸு பஸ்ஸுன்னு முள்கரண்டியைத் தூக்கிட்டு நின்னீங்களே, அதுக்கு முந்தின வாரமே பேர் குடுத்தாச்சு. பஸ்ல ஏத்த மாட்டாங்கன்னு அப்பவே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். ஏத்தலைன்னான்னு ரெண்டு தடவை உங்ககிட்ட கேட்டேனா இல்லையா?"

கேட்டாள். நான்தான் 'இவ என்ன பசு மாடா' என்றேன்.

"அப்ப அந்த 'செய்யக் கூடாது'ங்கிறதெல்லாம்?"

"நீங்களா யோசிச்சா அரைகுறையா பண்ணுவீங்க. அதான் உங்க பொண்ணு ஒண்ணு விடாம எடுத்துக் குடுத்தா. படியில உக்காந்து வேடிக்கை பாருங்கன்னு வகுப்புக் குழுவுல நேத்து ராத்திரியே செய்தியும் போட்டுட்டா. ட்யூபா ஊதறது மட்டும் என் யோசனை."

பகடையை உருட்டினாள். மேஜையே ஆர்ப்பரித்தது. நான் ஆரஞ்சு அங்கியோடும் கடமானோடும் நடுக்கடையில் நின்றேன். ஆர்லோவுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து பக்கத்து மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உட்காரப் போனேன்.

"கொஞ்சம் இரு கர்ட்" என்று சொல்லிவிட்டு, டார்லாவின் கைப்பையை எடுத்து அந்த நாற்காலியில் வைத்தான்.